சித்தப்பா வீட்டில் உருண்ட கோலிக்குண்டு

போன சனிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு பழைய வீட்டுச் சமையலறையில் நாங்கள் ஆறு பேர் நின்று ஒரு கோலிக்குண்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதைத் தரையில் வைத்தவர் பவானி. முப்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் டார்ச் லைட் கட்டியிருந்தார். கோலியைத் தள்ளவில்லை, தட்டவில்லை – சும்மா வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அது ஒரு நொடி யோசித்தது. பிறகு மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, கேஸ் அடுப்பைத் தாண்டி, பின்கதவு மூலையில் போய் ‘டொக்’கென்று நின்றது.



“காத்தா இருக்கும்,” என்றார் வீட்டுக்காரர்.

கோலிக்குண்டைத் தள்ளுகிற காற்று கிள்ளானில் ஏது?

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி முரளி, பண்டமாரானில் வாடகைக்கு இருக்கிறான். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். அவன் மனைவி தேன்மொழி வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்கிறாள். பிறந்தநாள், வளைகாப்பு, ஆபீஸ் சாப்பாடு... எல்லாமே ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய அடுக்களையில். இடியாப்பத் தட்டுகள் கட்டில் மேல் ஆறும். சாம்பார்ப் பானை டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். “எங்க வீட்டுல பெட்ரூமுக்கு இன்னொரு பேரு கிச்சன் அண்ணே,” என்பாள்.

வாடகை வீட்டுக்காரர் இந்த வருடக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனி வாடகையே வேண்டாம், சொந்தமாக வாங்கிவிடலாம் என்று இருவரும் தேட ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் அலைந்து பிடித்த வீடு இது. பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய ஒற்றை மாடி லிங்க் வீடு. நாற்பது வயது. முன்பக்கம் எல்லா லிங்க் வீடும் மாதிரிதான். ஆனால் பின்னால்... கொல்லைப்புறம் முழுவதையும் இழுத்துக் கட்டிய சமையலறை! தேன்மொழி அதன் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கை எந்தச் சுவரிலும் இடிக்கவில்லை.

அந்த ஒரு சுற்றிலேயே வீடு விற்றுப் போய்விட்டது. மற்றதெல்லாம் சடங்கு.

சடங்கையும் குறையில்லாமல் செய்தோம். உறவினர் படையே திரண்டு போனது. ஒருவர் வாசல் எந்தத் திசை என்று போனில் பார்த்தார். இன்னொருவர் தூணை இரண்டு தட்டுத் தட்டி, “அந்தக் காலத்து வேல... கெட்டி!” என்று சான்றிதழ் கொடுத்தார். ஓர் அக்கா குழாயைத் திறந்து மூடி, “தண்ணி நல்லா வருது” என்றார். நான்? அக்கம்பக்கத்துக் கார்களைப் பார்த்தேன். கார் நன்றாக இருந்தால் ஆட்கள் நன்றாக இருப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கூரையை யாரும் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கிலோ ரம்புத்தான் வாங்க நாலு பழத்தை உரித்துத் தின்று பார்க்கிற கூட்டம் நாங்கள். முப்பது வருடக் கடனில் வாங்கும் வீட்டுக்கு, தூணில் இரண்டு தட்டு!

இரண்டாம் முறை போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நம்மவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து டீ குடித்தால் வராமல் இருக்குமா அது?

“ஆமா... அப்பா எந்த எஸ்டேட்?”

கேட்டவர் வீட்டுக்காரர் மாணிக்கம். தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் இருக்கும் மகனுக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்று இந்த வீட்டை விற்கிறார். மனைவி ஏற்கெனவே அங்கே போய்விட்டார்.

“ஜெஞ்சாரோம் பக்கம் அங்கிள்,” என்றான் முரளி.

“ஜெஞ்சாரோமா? அப்பா பேரு?”

“கோபால்.”

“எந்தக் கோபாலு? பால்மரம் வெட்டின கோபாலா, ஸ்டோர் கோபாலா?”

“ஸ்டோர்லதான் இருந்தாரு...”

மாணிக்கம் எழுந்தே விட்டார். “அட, நம்ம ஸ்டோர் கோபால் மவனாடா நீ? ஒங்கப்பன் என்னைய தம்பி தம்பின்னுதான்யா கூப்புடுவான்! அப்ப நான் ஒனக்கு சித்தப்பா முறைடா! என்னடா அங்கிள் கிங்கிள்னுக்கிட்டு?”

அன்று டீயோடு கிளம்ப முடியவில்லை. சோறு சாப்பிட்டுத்தான் வந்தோம். போகும்போது ‘அங்கிள் வீடு’. வரும்போது ‘சித்தப்பா வீடு’.

காரில் முரளி சொன்னான், “மாமா, தேனு யாரோ இன்ஸ்பெக்ஷன் ஆள வச்சு வீட்ட செக் பண்ணணும்னு சொல்லிக்கிட்டிருந்தா. இனிமே எப்படி? சித்தப்பா வீட்டுக்கு ஆளக் கூட்டிட்டுப் போயி செவத்தத் தட்டிப் பாத்தா மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது?”

“இருக்கும்,” என்றேன் நான்.

நானும் அந்தக் கட்சிதான். இந்தப் பக்கத்தை வாரா வாரம் புரட்டுகிறவர்களுக்கு என் பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டின் குளியலறை வாளி புதிதல்ல. மேல்மாடிக் குழாய் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, பதினோரு வருடமாக அது அதே இடத்தில் இருக்கிறது. அந்த பிளாட்டை எனக்கு விற்றவர் என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் என்று பேச்சுவாக்கில் தெரிய வந்தது. அதன் பிறகு, ‘கூரையில் அது என்ன வட்டமாக ஈரம்?’ என்று கேட்க எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தைத்தான் பதினோரு வருடமாக வாளியில் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்த தேன்மொழி, குளியலறையில் இருந்து வெளியே வந்து கேட்டாள்.

“அண்ணே, இத வாங்கறதுக்கு முன்னால யாராச்சும் மேல பாத்தாங்களா?”

“இல்லம்மா... தெரிஞ்ச ஆளு. எப்படிப் பாக்கறது?”

மறுநாள் ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்து பவானியை ஏற்பாடு செய்துவிட்டாள். பழைய வீடுகளைச் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது பவானியின் தொழில்.

முரளி குதித்தான். “நீதானே அந்த கிச்சன் புடிச்சிருக்கு புடிச்சிருக்குன்னு ஆடின? இப்ப என்ன சந்தேகம்?”

“புடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு,” என்றாள் தேன்மொழி. “புடிக்காத வீட்டுக்கு நான் எதுக்கு ஆளக் கூப்புடப் போறேன்?”



மாணிக்கத்திடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாரா வாரம் எழுதுகிறவர், பக்குவமாகச் சொல்லுவார் என்று நம்பிக்கை. நான் எவ்வளவு பக்குவமாகச் சொன்னேன் தெரியுமா? “மாமா, சனிக்கிழமை நம்ம தேனுவுக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு வீட்டப் பாக்க வருது” – அவ்வளவுதான்.

“தாராளமா வரட்டும் லா! சாப்டுத்தான் போவணும்,” என்றார் அவர்.

நானும் போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை போனோம். மேசையில் ஒரு தாம்பாளம் நிறைய வறுத்த பீஹூன் சேமியா. பிளாஸ்கில் டீ. மாணிக்கம் புதுச் சட்டை. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பவானி இறங்கினார். அவருடன் ரோஸ்லான் என்ற மலாய்க்காரர் – கரையான் மட்டும் பார்ப்பவர். இரண்டு பேருமாக ஓர் ஏணியை இறக்கினார்கள்.

“ஏணி எதுக்கு?” என்றார் மாணிக்கம்.

முரளியும் தேன்மொழியும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிர்வீட்டு மாமரத்தைப் பார்த்தேன்.

பவானிதான் வாசலில் நின்றபடியே சொன்னார். “அங்கிள், நான் பில்டிங் இன்ஸ்பெக்ஷன் பண்றவ. வாங்கறவங்க என்னைய வரச் சொல்லியிருக்காங்க. ஒங்களுக்குச் சம்மதம்னா உள்ள வரேன். இல்லன்னா இப்படியே திரும்பிப் போறேன். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

மாணிக்கத்தின் முகம் சுருங்கியது. முரளி தரையைப் பார்த்தான்.

“நான்தான் கூப்புட்டேன் மாமா,” என்றாள் தேன்மொழி.

மாணிக்கம் கேட்டை அகலமாகத் திறந்தார். “ஒளிச்சு வைக்க என் வீட்டுல என்னம்மா இருக்கு? வா.”

ஆனால் மனிதர் சும்மா விடவில்லை. பவானி ஏணியைப் பிரிக்கும்போது பக்கத்தில் போய் நின்று கேட்டார், “ஒனக்கு எந்த ஊரும்மா?”

“ஸ்ரீ கெம்பாங்கான் அங்கிள்.”

“அது இப்ப. அப்பா எந்த எஸ்டேட்?”

பவானி ஏணியின் இரண்டாம் படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார், “வேல முடியட்டும் அங்கிள். அப்புறம் சொல்றேன்.”

இப்படி ஒரு பதிலை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஏணி ஏறிப் போன தமிழரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

“டீ ஆறிடும்மா...”

“ஆறட்டும் அங்கிள்.” குரல் சீலிங்குக்கு மேலே இருந்து வந்தது. கால் மட்டும் தெரிந்தது.

கூரைக் கட்டைகள் நன்றாக இருந்தன. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “வயரிங் பழசு. இதுக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தர் தனியா வந்து பாக்கணும்” என்றார் பவானி.

“எல்லாத்துக்கும் ஒரு ஆளா?” என்றான் முரளி. “நீங்களே பாத்துச் சொல்லிடக் கூடாதா?”

“பல்லு வலிக்குக் கண் டாக்டர்கிட்ட போவீங்களாண்ணே?”

“இல்ல... லோன் குடுக்கறதுக்கு பேங்க்ல இருந்தும் ஆள் வருவாங்களே, அதுக்குச் சொன்னேன்.”

“வருவாங்க. குடுக்கற கடனுக்கு வீடு பெறுமான்னு பாப்பாங்க. செவரு நிக்குமான்னு பாக்கறது அவங்க வேல இல்ல.”

இதற்குள் ரோஸ்லான் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு கதவு நிலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டு முடித்திருந்தார். ஹாலில் சாமி மேடைக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். பெரிய மர மேடை. சுவரோடு ஒட்டியது. அவர் கையை நீட்டவில்லை. மலாயில் மெதுவாகக் கேட்டார் – இதற்குப் பின்னால் பார்க்கலாமா?

“அங்கெல்லாம் வேணாம் லா அபாங்!” முரளி பதறினான்.

மாணிக்கம் முப்பது வருடமாக அந்த மேடையை நகர்த்தியதில்லையாம். மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்க் கை கால் கழுவிவிட்டு வந்தார். சூடம் கொளுத்தினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார் – அனுமதி கேட்டார் என்று நினைக்கிறேன். கிடைத்திருக்க வேண்டும்.

“புடிடா முரளி.”

இரண்டு பேரும் மேடையை அரை அடி முன்னால் இழுத்தார்கள். ரோஸ்லான் டார்ச் அடித்தார். உண்மையைச் சொல்கிறேன், கரையான் புற்றைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. சுத்தமான சுவர். கொஞ்சம் திருநீறு, நிறையத் தூசி, ஒற்றைத் தோடு.

மாணிக்கம் அந்தத் தோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “இதுக்காக எங்கூட ஒரு மாசம் பேசலய்யா அவ...”

ரோஸ்லான் கட்டை விரலை உயர்த்தினார். “கிளியர், அங்கிள்.”

மாணிக்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “பாத்தியாடா! ஒரு பூச்சி இல்ல! வாங்க, கிச்சனயும் பாத்துருங்க!” என்று அவரே முன்னால் நடந்தார்.

அங்கேதான் கோலிக்குண்டு.

அது மூலையில் போய் நின்ற பிறகு பவானி, பழைய வீடும் சமையலறையும் சேரும் இடத்துக்குப் போனார். அங்கே ஒரு நாள்காட்டி தொங்கியது. கேட்டுவிட்டுத்தான் கழற்றினார். பின்னால் சுவரில் மேலிருந்து கீழாக, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. ஒரு சின்னக் கத்தியால் லேசாகச் சுரண்டினார். மேலே கிரீம் கலர். அதற்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே நீலம். அப்புறம் ரோஸ். ஒவ்வொரு கலருக்கும் நடுவில் மெல்லிசாகச் சிமென்ட்.

“தீபாவளிக்குத் தீபாவளி அடிப்பீங்களா அங்கிள்?”

“பின்ன? பெயின்ட் அடிக்காம என்னம்மா தீபாவளி? அந்த எடத்துல கோடு மாதிரி விடும்... சிமென்ட்ட வச்சுப் பூசிட்டு மேல அடிச்சிருவேன். பளிச்சுன்னு ஆயிரும்.”

“எத்தன வருஷமா?”

மாணிக்கம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்தது. மறு கைக்குப் போனார். பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

பவானி விளக்கினார். முன் வீட்டைக் கட்டும்போதே தரைக்குள் ஆழமாக பைல் தூண்கள் இறக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால் அசையாமல் நிற்கிறது. பிற்பாடு இழுத்துக் கட்டிய சமையலறைக்கு அது இல்லை. கீழே களிமண். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க முன் வீட்டில் இருந்து பிரிகிறது.

“மஜ்லிஸ்ல பிளான் பாஸ் பண்ணிக் கட்டினீங்களா அங்கிள்?”

“நகராண்மைக் கழகத்துக்கெல்லாம் அப்ப யாரும்மா போனா? எல்லாரும் கட்டினாங்க, நானும் கட்டினேன்.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “நான் ஏமாத்தலம்மா.”

“தெரியும் அங்கிள்,” என்றார் பவானி. “ஏமாத்தறவங்க விக்கறப்ப ஒரு தடவதான் பூசுவாங்க. நீங்க வருஷா வருஷம் பூசியிருக்கீங்க.”

ஜனங்கள் வாயில் இருந்து விழுவதைப் பொறுக்கித்தான் இந்தப் பத்தியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் பொறுக்கியதில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறு ஒன்று இல்லை.

யோசித்தால் நாம் எல்லோருமே இப்படித்தானே? கோடு தெரிகிறது. பூசுகிறோம். பளிச்சென்று ஆகிறது. சரியாகிவிட்டது என்று நாமே நம்பி, முறுக்குச் சுடப் போய்விடுகிறோம்.

தேன்மொழி மூலைக்குப் போய்க் குனிந்து கோலிக்குண்டை எடுத்தாள். கையில் வைத்து உருட்டிக்கொண்டே அந்தச் சமையலறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். இந்தத் தடவை கையை விரிக்கவில்லை.

“வேணாம்னு சொல்லிரலாமா?” என்று கிசுகிசுத்தான் முரளி.

அவள் பவானியிடம் கேட்டாள், “முன் வீடு நல்லா இருக்கா அக்கா?”

“இருக்கு. வயரிங் மாத்தணும். கிச்சன மட்டும் ஒடச்சு, பிளான் பாஸ் பண்ணி, பைல் போட்டுப் புதுசாக் கட்டணும். எவ்வளவு ஆகும்னு ரிப்போர்ட்ல எழுதறேன். வாங்கறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

தேன்மொழி மாணிக்கத்தின் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எனக்கு இந்த வீடு வேணும். ஆனா கிச்சன் நிக்காத வீட்டுக்கு, கிச்சன் நிக்கிற வீட்டு வெல குடுக்க மாட்டேன்.”

முரளி கண்ணை மூடிக்கொண்டான்.

மாணிக்கம் கொஞ்ச நேரம் கையிலிருந்த தோட்டைப் பார்த்தார். பிறகு, “இத வேற எவனாச்சும் கேட்டிருந்தா நடக்கறதே வேற,” என்றார். “மருமவ முறை... கேட்டுட்ட. இடிச்சுக் கட்ட என்ன ஆகுதோ அதக் கழிச்சுக்க.”

அதே சித்தப்பா முறைதான். எங்கள் வாயை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தது. தேன்மொழி அதை வைத்தே பேரத்தை முடித்துவிட்டாள்.

“அது சரி, கட்டி முடிக்கிற வரைக்கும் எங்க சமைப்ப?” என்றார் அவர்.

“முன்னால போர்ச்சுல ஒரு டென்ட் போட்டுக்கறேன். கல்யாண வீட்டுலயே அப்படித்தானே சமைக்கறோம்?”

பவானி கத்தி, டார்ச், மீட்டர் எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மூடினார். கை கழுவினார். வந்து பீஹூன் தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இப்பக் கேளுங்க அங்கிள்.”

மாணிக்கத்துக்கு அதற்குள் சுரத்துக் குறைந்திருந்தது. ஆனாலும் கேட்டார், “அப்பா எந்த எஸ்டேட்?”

“அப்பா எஸ்டேட் இல்ல. சிரம்பான்ல லோரி ஓட்டினாரு. அம்மாதான்... ஜெஞ்சாரோம் பக்கம்.”

“ஜெஞ்சாரோமா!”

“அதான் அப்பச் சொல்லல.”

பத்து நிமிடத்தில் அம்மா, அம்மாவின் அம்மா, லயத்துக் கடைசி வீட்டில் இருந்த பெரியம்மா என்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பவானி பேத்தி முறை என்று தீர்ப்பாயிற்று. அங்கிள், தாத்தா ஆனார். அந்தச் சந்தடியில் நானும் அவருடைய கார்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வாளி ஞாபகம்.

மாணிக்கம் இரண்டாம் தட்டுப் பீஹூனோடு உற்சாகமாகிவிட்டார். “ஈப்போலயும் மவன் எங்களுக்குன்னு ஒரு பழைய வீடு பாத்து வச்சிருக்கான். விக்கறவரு யாருங்கறீங்க? நம்ம எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதின கிராணி மவன்! சொந்தம் மாதிரி! போய்ப் பாத்தேன், செவரெல்லாம் அப்படியே பளபளன்னு...”

நிறுத்தினார். கரண்டி தட்டிலேயே நின்றது.

“...இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டோம்.

“ஈப்போ வரைக்கும் வருவியாம்மா?” என்றார் பவானியிடம்.

“வரேன் தாத்தா. ஆனா அங்க போயி என்னைய ஒங்க பேத்தின்னு மட்டும் சொல்லிடாதீங்க.”